அந்த ஸ்டூலில் நின்றவர்

கனடாவில் ஹார்ட் அண்ட் ஸ்ட்ரோக் அறக்கட்டளையும் பிரெயின் கனடாவும் இதயம், மூளை பற்றிய ஆய்வுக்கு வரும் கறுப்பின மாணவர்களுக்கென்றே உதவித்தொகை தந்திருக்கிறார்கள். பேச்சு அதில் வந்து நின்றபோது நண்பர் ஒருவர் சொன்னார்: "ஆராய்ச்சில நிறம் எதுக்குப்பா? திறமை இருக்கிறவன் எப்படியும் மேல வந்துடுவான்." அந்த இடத்தில் மல்லுக்கட்டத் தெம்பில்லை. இங்கே எழுதுகிறேன்.

எப்படியும் வந்துவிடுவானா? விவியன் தாமஸ் வந்தாரா? அமெரிக்காவின் நாஷ்வில்லில் தச்சு வேலை பார்த்து, டாக்டராகும் ஆசையில் கல்லூரிக்குக் காசு சேர்த்த கறுப்பினத்தவர் அவர். பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கி முங்கியது, சேமிப்பும் போனது. 1930ல் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக்கின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, சம்பளக் கணக்கில் துப்புரவுப் பணியாளர். 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடம்பு நீலம் பாரித்த 15 மாதக் குழந்தைக்கு பிளேலாக் இதய அறுவை செய்தார். அவருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு நின்று வழிசொன்னவர் தாமஸ். நாய்களில் அந்த அறுவையைச் செய்து செய்து கை பழகியவர் அவர்தானே! 1976ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதுவும் எதில்? சட்டத்தில்.

அமெரிக்கக் கதை என்று கனடாக்காரர்கள் நழுவ முடியாது. கறுப்பின மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் இடமில்லை என்று 1918ல் குயின்ஸ் பல்கலைக்கழகம் போட்ட தீர்மானம், ஏட்டிலிருந்து நீங்கியது 2018ல்தான்.

சரி, பழங்கதையை விடுங்கள். மூளையின் மின்னலையைப் பதியும் ஈஈஜியை எடுத்துக்கொள்வோம். மின்முனை உச்சந்தலைத் தோலில் படிய வேண்டும். அடர்ந்த சுருட்டை முடியில் அது சரியாகப் படியாது. பதிவு தெளிவாக இல்லை என்று அப்படிப்பட்டவர்களை ஆய்விலிருந்தே விட்டுவிடுவதும் உண்டு. மனித ஈஈஜி பிறந்தது 1924ல். முடியை வரிசை வரிசையாகப் பின்னி, நடுவே கிளிப்பால் மின்முனையைப் பொருத்தும் வடிவமைப்பு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது 2020 வாக்கில். யோசித்தவர் அங்கே படித்த ஒரு கறுப்பின மாணவி. தன் தலையை வாரிப் பழகியவருக்குத் தோன்றியது, மற்றவர்களுக்குத் தோன்றவில்லை. ஆராய்ச்சியில் நிறம் எதற்கு என்று கேட்ட நண்பருக்கு இதுதான் என் பதில்.

எனக்கு உள்ள குறை வேறு. படிப்பு முடிந்தபின்? அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனங்களிடம் விண்ணப்பித்தவர்களை ஒப்பிட்டு 2011ல் ஓர் ஆய்வு வந்தது. பயிற்சி, வெளியிட்ட கட்டுரைகள் எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், ஆய்வு நிதி கிடைக்கும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 10 சதவீதப் புள்ளிகள் குறைவாகவே இருந்தது. மாணவர்களுக்குப் பணம் கொடுப்பவர்கள் ஆய்வு நிதி யாருக்கு என்று முடிவுசெய்யும் தேர்வுக் குழுக்கள் பக்கமும் கொஞ்சம் எட்டிப்பார்க்கட்டும்.