என் விரல்தான் என்று இன்னும் எத்தனை முறை சொல்லணும்?

மறுபடியும் சிவப்பு!

கைரேகை வைத்தால் திறக்கும் பென்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கவே வேண்டாம். அந்தக் கடுகு சைஸ் விளக்கு மூன்று தடவை சிவப்பாக மினுக்கிவிட்டு அணையும்போது வயிறு எரியுமே, அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து மணிக்குள் சான்றிதழ் நகல்களைக் கொடுத்தாக வேண்டும். எல்லாம் அந்த டிரைவில்தான் இருக்கிறது. கவுன்டரில் இருந்த தம்பி அதை வாங்கிச் செருகிவிட்டு, "அக்கா, உள்ளே ஒண்ணுமே காட்டலையே" என்றார். கைரேகை வைக்கணும் தம்பி என்றேன். எங்கே வைப்பது? அவர் செருகியது சிபியுவின் பின்பக்கம். சிபியு இருப்பது மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி. முட்டி போட்டு, ஒயர்களை விலக்கி, முகத்தை மேசைக்காலில் சாய்த்துக்கொண்டு கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் தடவித் தடவி சென்சாரைக் கண்டுபிடித்துக் கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு.

வீட்டில் ரேகையைப் பதிந்தபோது டிரைவை நேராகக் கையில் பிடித்துப் பதிந்தேன். இங்கே விரல் போவது எதிர்த்திசையிலிருந்து. அந்தச் சென்சாரோ சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. விரலின் ஒரு மூலையைத்தான் அது பார்க்கிறது. பதிந்தது வேறு மூலை என்றால் நான் யாரோ! ஆள்காட்டி விரலை வைத்தேன், சிவப்பு. இடது கட்டைவிரல், சிவப்பு. அதற்குள் பதற்றத்தில் கை வியர்த்துவிட்டது. வியர்த்தால் இன்னும் மோசம். ரேகையின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள மின்னேற்ற வித்தியாசத்தை வைத்துத்தான் இந்தச் சென்சார் படம் பிடிக்கிறது. பள்ளத்தில் ஈரம் நிறைந்தால் மேடும் பள்ளமும் ஒன்றாகி வெறும் திட்டாகத் தெரியும். சரி என்று கவுன்டரில் இருந்த சானிடைசரைப் போட்டுத் துடைத்துவிட்டு வைத்தேன். இப்போது விரல் வறண்டுவிட்டது, வறண்டாலும் எடுக்காது. சிவப்பு. அடுத்ததாக விளக்கே எரியவில்லை. தொடர்ந்து தப்பானால் டிரைவ் தன்னையே பூட்டிக்கொள்ளுமாம். பிடுங்கிச் செருகு, திரும்பவும் முட்டி போடு.

பின்னால் வரிசையில் நின்ற பெரியவர், "மெதுவாப் பாரும்மா, அவசரமில்ல" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தன் கட்டைவிரலைக் காட்டி, "சிமெண்டுல வேலை செஞ்ச கை. எனக்கெல்லாம் எந்த மெஷினும் ரேகை எடுக்காது" என்றார். பார்த்தேன், வழவழவென்று இருந்தது. வயதானாலும் தேயும், சோப்புத் தண்ணீரிலேயே கிடந்தாலும் தேயும், கைவேலை செய்தாலும் தேயும். இத்தனை பேரையும் வெளியே நிறுத்தும் பூட்டை 'உங்கள் விரலே சாவி' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்க எப்படி மனசு வருகிறது?

கடவுச்சொல்லைத் தப்பாகத் தட்டினால் தப்பு என்மேல், ஒத்துக்கொள்கிறேன். விரலில் என்ன தப்பு? ஈரமா, வறட்சியா, கோணலா? ஒரு வார்த்தை சொல்லாது. போனில் ரேகை எடுக்கவில்லையென்றால் அடுத்த நொடி திரையில் பின் நம்பர் கேட்கும், தட்டிவிட்டுப் போகலாம். இதில் திரையும் இல்லை, பொத்தானும் இல்லை. மாற்று வழியாகக் கடவுச்சொல் இருக்கிறது, அதைப் போட டிரைவுக்குள் இருக்கும் விண்டோஸ் நிரலை ஓட்ட வேண்டும். அந்த அலுவலகக் கணினியில் வெளி நிரல் எதையும் ஓட்ட அனுமதி இல்லை. அது நியாயம்தான், கண்டவர் கொண்டுவரும் பென்டிரைவிலிருந்து எதையாவது ஓட்டினால் வைரஸ் வராமல் என்ன செய்யும்? அந்தத் தம்பியைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பென்டிரைவ் என்பதே அடுத்தவர் கணினியில் செருகத்தானே! அது செய்தவருக்குத் தோன்றவில்லையா?

பாதுகாப்புக்காகப் பொறுத்துக்கொள் என்கிறார்கள். எந்தப் பாதுகாப்பு? 2002-லேயே ஜப்பானில் மாட்சுமோட்டோ என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஜெலட்டினில் போலி விரல் வார்த்து ரேகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டிவிட்டது. 2013-ல் ஐபோன் 5எஸ் ரேகைப் பூட்டோடு வந்த சில நாட்களிலேயே, கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்துப் போலி செய்து திறந்துவிட்டது ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் அமைப்பு. என் டிரைவின் பளபளப்பான உலோக உடம்பு முழுக்க என் ரேகைதான் அப்பிக் கிடக்கிறது. பூட்டின்மேலேயே சாவியை ஒட்டி வைத்த மாதிரி! கடவுச்சொல் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை என்ன செய்வது?

ஏஇஎஸ் 256 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறது. சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி தகவலை உருமாற்றி வைக்கும் மறையாக்க முறை அது. ஆனால் விரல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிப் பதியாது என்பதால், பொதுவாக மறையாக்கச் சாவி டிரைவுக்குள்ளேயே இருக்கும்; ரேகை பொருந்தியதும் சில்லு அதை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்தச் சில்லை எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று வாங்குகிற நமக்கு எப்படித் தெரியும்? உடம்பிலேயே எண் பொத்தான் வைத்த டிரைவ்கள் இருக்கின்றன. எண்ணை அழுத்தினால் திறக்கும், எந்தக் கணினியிலும், நிரல் ஏதும் இல்லாமல். அதை வாங்கியிருக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு கவுன்டரை மூடிவிட்டார்கள். நாளைக்கு வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் செருகி விரலை வைத்தேன். முதல் தொடலிலேயே பச்சை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முட்டியில் தரைத் தூசி இன்னும் ஒட்டியிருக்கிறது, இது பச்சை காட்டுகிறது!

எல்லாவற்றையும் சாதாரணப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, இந்தச் சனியனைக் கழற்றலாம் என்று எஜெக்ட் கொடுத்தால், 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்கிறது. யார் பயன்படுத்துகிறார்கள்? எல்லா ஜன்னலையும் மூடியாச்சு. எந்த நிரல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பெயரையாவது சொல்லேன்!