துள்ளி ஓடும் எலியிடமும் வைரஸ் இருக்கும்

“வைரஸ் இருக்கிற எலி சோர்ந்து கிடக்கும், நன்றாக ஓடுகிற எலியால் பயமில்லை, கடித்தால்தான் தொற்றும்” என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றுமே தவறு.

பிளேக் வந்தால் எலிகள் செத்து விழும் என்பது உண்மைதான். ஆனால் அது பாக்டீரியா. எலிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஹன்டா வைரஸின் கதையே வேறு. அதைச் சுமக்கும் காட்டெலிக்குப் பெரும்பாலும் எந்த நோயும் தெரியாது. தின்னும், ஓடும், குட்டி போடும். கூடவே மாதக்கணக்கில் சிறுநீர், புழுக்கை, எச்சில் வழியாக வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தொற்றின் இருப்பிடம் என்று ஓர் உயிரினத்தைச் சொல்வதே இதனால்தான்.

கடி அபூர்வம். காய்ந்த புழுக்கை, சிறுநீர் கலந்த தூசியை மூச்சில் இழுப்பதுதான் முக்கியமான வழி. 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சுத் திணறி இறந்தார்களே, அதற்குக் காரணமான சின் நோம்ப்ரே என்னும் ஹன்டா வகை வைரஸைச் சுமந்தது ‘டீர் மவுஸ்’ என்னும் சின்னக் காட்டெலி. மேற்கு ஆப்பிரிக்காவின் லாசா காய்ச்சல் வேறொரு வைரஸால் வருவது; அதைச் சுமப்பது மாஸ்டோமிஸ் என்னும் எலி. அங்கே அது அசுத்தப்படுத்திய உணவும் ஒரு வழி.

அதற்காக எல்லா எலியிடமும் எல்லா வைரஸும் இருக்கும் என்று கிளம்பிவிட வேண்டாம். ஹன்டா வகைகள் பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இனத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம், பூட்டிக் கிடந்த அறையில் புழுக்கை கிடந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். முதலில் ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். கையுறை போட்டு, பிளீச் கலந்த நீரால் நனைத்து, ஐந்து நிமிடம் ஊறியபின் துடைத்தெடுங்கள்.