இறங்கிப் பாருங்கய்யா!

வயிறு எரிகிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து சின்ன ஃபைபர் படகை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு தொண்டி, மீமிசல் கரைக்கு வருகிற நம்மாட்களில் ஒருத்தராவது, படகை இறக்கும் முன்னால் தண்ணீரில் கால் வைத்துப் பார்க்கிறார்களா? கிடையாது. வந்த வேகத்தில் வண்டியைத் திருப்பி, படகு இறக்கப் போட்டிருக்கிற கான்கிரீட் சாய்தளத்தில் ரிவர்ஸ் எடுத்து, பின்சக்கரம் சேற்றில் புதைந்ததும் "அண்ணே, ஒரு கை கொடுங்கண்ணே" என்று கூப்பிடுவார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள் பிழைப்பை விட்டுவிட்டு வந்து தள்ள வேண்டும்.

இது வடகடல், அதாவது பாக் விரிகுடா. இதன் சராசரி ஆழமே 10 மீட்டருக்குள்தான். ஓதத்தில் கடல்மட்டம் ஏறி இறங்குவதும் அரை மீட்டரைச் சுற்றித்தான். "அரை மீட்டர்தானே" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. தரை தட்டையாகக் கிடக்கிற கரை இது. 100 அடிக்கு ஓர் அடி சரிவு என்று வைத்துக்கொண்டால்கூட, அரை மீட்டர் வற்றும்போது கடல் 50 மீட்டர் தள்ளிப் போய்விடும். காலையில் படகு மிதந்து இறங்கிய இடம், நீங்கள் திரும்பி வரும்போது வெறும் சேறாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். கண்மாயில் படகு விட்டுப் பழகிய தைரியம் இங்கே செல்லாது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போன சீமை இது. கடலைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

அப்புறம் அந்தச் சாய்தளத்தின் விளிம்பு. படகைத் திரும்ப ட்ரெய்லரில் ஏற்றும்போது கயிற்றைப் போட்டு இழுக்கச் சோம்பல்பட்டு, இன்ஜினை முறுக்கியே ஏற்றுகிறார்கள். விசிறி அடிக்கிற அடியில் கான்கிரீட் முடியும் இடத்து மணல் அரித்துப் பள்ளமாகிறது; அரித்த மணல் சற்றுத் தள்ளி மேடாகக் குவிகிறது. அடுத்து வருகிறவரின் ட்ரெய்லர் சக்கரம் அந்தப் பள்ளத்தில் விழுந்தால், அச்சு விளிம்பில் மாட்டிக்கொள்ளும். கலங்கல் தண்ணீரில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டே நடந்து பார்த்தால் தெரியும். ஐந்து நிமிட வேலை!

போன மாதம் கண்ணெதிரே நடந்தது. சாய்தளத்தின் தலைப்பிலேயே, வண்டி இன்னும் நிற்கவில்லை, ஒரு தம்பி படகைக் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்துவிட்டார். வலைக்காரப் பெரியவர் கத்தினார்: "தம்பி, அவிழ்க்காதீங்க, தண்ணி வத்தி நிக்குது." "பரவாயில்லண்ணே, பாத்துக்கலாம்." சொல்லி வாய் மூடவில்லை, படகு ட்ரெய்லரை விட்டு வழுக்கிப் பச்சைப் பாசி படிந்த கான்கிரீட்டில் இறங்கியது. பின்னால் கணுக்கால் தண்ணீரில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு ஒரு பெண் குழந்தை. பெரியவர் அவள் கையைப் பிடித்து ஒரே இழுப்பில் இழுத்தார். படகின் அடிப்பக்கம் அவள் நின்ற இடத்தைத் தேய்த்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு படகுக்கு அடியில் கிடந்தது. இதற்குப் பிறகும் அந்தத் தம்பி முதலில் குனிந்து பார்த்தது படகில் கீறல் விழுந்திருக்கிறதா என்று!

பட்டை தண்ணீருக்குப் பக்கத்தில் போன பிறகுதான் அவிழ வேண்டும். படகின் முன்பக்கத்தில், அணியத்தில் கட்டிய கயிறு ஒருத்தர் கையில் இருக்க வேண்டும். படகுக்குப் பின்னால் யாருமே நிற்கக் கூடாது. சாமான் ஏற்றுவது, அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையை அடைப்பது எல்லாம் மேலேயே முடித்துவிட்டு வர வேண்டும்.

முழங்கால் தண்ணீரில் இன்ஜினைப் போடுகிறவர்களை என்ன சொல்ல? குளிர்விக்கிற தண்ணீரோடு சேறும் புல்லும் உள்ளே ஏறி இன்ஜின் சூடாகி நிற்கும். கடல்புல் வேரோடு பிய்யும். அந்தப் புல்லை மேய்கிற கடல்பசுவுக்காகத்தான் இங்கிருந்து வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் காப்பகமாக அறிவித்தார்கள். இன்ஜினைத் தூக்கி வைத்து, இடுப்பளவுத் தண்ணீர் வரை தள்ளிக்கொண்டு போய், பிறகு இறக்கினால் என்ன? வேட்டி நனையுமா? நனையட்டும்.

சாய்தளம் கட்டியவர்களையும் விடுவதாக இல்லை. தண்ணீர் ஏறி நின்ற நேரத்தில் வந்து அளந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வற்றினால் கான்கிரீட் நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறுதான். கயிறு கட்ட ஒரு கம்பம் கிடையாது. பாசியைச் சுரண்ட ஆள் கிடையாது. மிச்சமிருக்கிற அகலத்திலும் பைக்கை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

ஐப்பசி பிறந்தால் வாடை தொடங்கிவிடும், இந்தக் கிழக்குக் கரையில் அலை நேராக வந்து அறையும். அதற்குள் அந்த விளிம்பை நீட்டிப் போடுங்கள். காசு இல்லையென்றால், பள்ளம் இருக்கிற இடத்தில் ஒரு மூங்கிலை நட்டுச் சிவப்புத் துணியாவது கட்டுங்கள். துணி நான் வாங்கித் தருகிறேன்.