சேலைன் சோறு அல்ல

"சேலைன் ஏறிக்கொண்டுதானே இருந்தது, பட்டினி போட்டதாக எப்படிச் சொல்லலாம்?" என்று, மருத்துவமனையில் சேலைனோடு மட்டும் பட்டினி கிடந்ததாகச் சொல்லப்பட்ட அந்த அம்மாவின் விடயத்தில் எழுதியவர்களுக்குப் பதில் எழுதாமல் மூன்று நாட்கள் பொறுத்திருந்தேன், இனியும் முடியவில்லை. சாதாரண சேலைன் என்பது உப்பும் தண்ணீரும்தான். 5 வீதக் குளுக்கோஸ் ஒரு லீற்றரில் இருப்பது 50 கிராம் சீனி, 200 கலோரிக்கும் குறைவு. புரதம் துளியும் இல்லை. 50 கிலோ எடையுள்ள நோயாளிக்கு முதல் சில நாட்கள் கழிந்தபின் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1250 கலோரியும் 65 கிராம் புரதமும் தேவை.

குடல் சத்திரசிகிச்சைக்குப் பின் அப்பா அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த பன்னிரண்டு நாட்களில், அவருடைய எடை என்ன, கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டார் என்று எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. நீர் கோத்து முகம் வீங்கியிருந்ததைக் கண்டு, "ஐயா உடம்பு தேறிவிட்டார்" என்றார் பார்க்க வந்த உறவினர். நான் போர்வையை விலக்கிக் காலைப் பிடித்துவிட்டேன். வயலில் உரமேறிய அந்தத் தொடை தொளதொளவென்று கைக்குள் அடங்கியது. கடும் நோயில் பத்தே நாட்களில் தொடைத் தசை ஏறத்தாழ 18 வீதம் தேய்வதை 2013இல் வெளியான இலண்டன் ஆய்வொன்று அளந்து காட்டியிருக்கிறது.

இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தை அளந்து பார்த்தார்களே என்பீர்கள். அழற்சி வந்தாலே அது இறங்கிவிடும். உண்டதையும் உண்ணாததையும் அது சொல்லாது. நாளத்தின் வழியே உணவேற்றினால் கிருமித்தொற்று வரும் என்பீர்கள். உண்மைதான். குடல் இயங்கினால் மூக்குக் குழாய்வழி ஊட்டமே முதலில் வரவேண்டும். நாளவழி ஊட்டத்தை எட்டாம் நாள்வரை பிற்போட்டவர்களுக்குத் தொற்றுக் குறைந்ததாக 2011இல் வெளிவந்த பெல்ஜிய ஆய்வும் சொன்னது. ஆனால் உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கேற்ற எடையின் அளவு) 17க்குக் கீழே இருந்த, மிகவும் மெலிந்தவர்களை அந்த ஆய்வு சேர்த்துக்கொள்ளவே இல்லை. எங்கள் வன்னிக் கிராமங்களில் கூலி வேலை செய்து மெலிந்துபோய் வருபவரை நிறுத்துப் பார்க்காமல், அவர் காத்திருக்கக்கூடியவரா இல்லையா என்று எப்படி முடிவெடுப்பது? நீண்ட பட்டினிக்குப் பின் அவசரப்பட்டு ஊட்டம் ஏற்றினாலும் இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற தாது உப்பு சரிந்து இதயமே நின்றுவிடலாம். அதற்காகத்தான் முதலில் கேளுங்கள், அளவிடுங்கள் என்று கத்துகிறேன். இதை வைத்தியர்களுக்கு எதிரான பேச்சு என்று திரித்தவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

பதின்மூன்றாம் நாள் சாதாரண நோயாளர் விடுதிக்கு மாற்றியதும் அப்பா முதலில் கேட்டது ஒரு வாய் கஞ்சி. 2009இல் வரிசையில் நின்று எங்களுக்குக் கஞ்சி வாங்கித் தந்தவர் அவர். அன்று கரண்டியைத் தூக்க அவருடைய கையில் பலம் இருக்கவில்லை; நான்தான் ஊட்டிவிட்டேன்.