தளம் போட்ட மறுநாள் யார் இருக்கிறார்கள்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அடுத்த கோடையில் நண்பர்கள் சேர்ந்து அங்கே ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டப் போனோம். அவர்கள் குடிசை மேல் தென்னை சாய்ந்து, ஐந்தாறு மாதமாகத் தார்ப்பாய்க்கு அடியில்தான் குடித்தனம்.

மேல்தளம் போட்ட அன்று முப்பது பேர் இருந்தோம். வரிசையாக நின்று கான்கிரீட் கலவைச் சட்டி கைமாற்றினோம். சாயங்காலம் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டோம். கொத்தனார் மட்டும் அந்த வீட்டு அக்காவிடம், "மேலே பாத்தி கட்டியிருக்கேன், தண்ணி காயவே கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துக் கூலி பாக்கி கொடுக்கப் போனபோதுதான் அந்தப் பேச்சின் கனம் புரிந்தது. அது உப்பளத்து ஊர். போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. உப்புத் தண்ணீர் தளத்துக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்து வீங்கும், சிமெண்ட் பெயர்ந்து தலையில் கொட்டும். அதனால் அக்கா தெருக்குழாயில் வரிசையில் நின்று நல்ல தண்ணீர் பிடித்து, சவுக்குக் கம்பு ஏணியில் இடுப்புக் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கை குடத்தில், ஒரு கை ஏணியில். மேலே ஊற்றிவிட்டு இறங்கி அடுத்த குடம். காலையில் இப்படி, வேலைக்குப் போய் வந்து சாயங்காலமும் இப்படி.

"குடிக்க இல்லேன்னாலும் தளத்துக்கு ஊத்திருவேன் தம்பி" என்றார்.

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீர் குடித்துத்தான் இறுகுகிறது. முதல் வாரம் வெயிலில் காயவிட்டால் வெடிப்பு விடும், பலம் ஏறாது. தளத்துக்கு இரண்டு வாரமாவது தண்ணீர் நிற்க வேண்டும். அப்படியென்றால் அந்த வீட்டைப் பலமாக்கியது நாங்கள் முப்பது பேரா, அந்த ஒரு ஆளா?

வீடு கட்டித் தரும் குழுக்களிடம் இதைத்தான் கேட்கிறேன். சிமெண்ட், கம்பிக்குப் பணம் ஒதுக்குகிறோம். பெயிண்ட்டுக்கும் திறப்பு விழாவுக்கும்கூட ஒதுக்குகிறோம். லாரித் தண்ணீருக்கும், ஊற்றும் ஆளின் கூலிக்கும் ஒதுக்குங்கள். வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தரும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பில் வீடு பெறும் குடும்பத்தின் உழைப்பையும் மணிக்கணக்கில் குறித்து வைப்பார்கள். நம் கணக்கில் அந்தக் குடங்கள் எங்கே? தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் கிடைக்கிறது, ஆனால் கிட்டே நின்று தண்ணீர் ஊற்றுவது அங்கேயும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். புது வீடு கட்ட வசதியில்லாத குழுக்கள் அங்கே போய்க் கைகொடுக்கலாமே.

இதே கீழத்தஞ்சையில், வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு அங்கே வந்த சர்வோதய ஊழியர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார், குடிசைகள் இருந்த இடத்தில் கல் வீடுகள் எழ உழைத்தார். ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர் இல்லை அவர், பல பத்தாண்டுகள் அந்த மக்களோடு கூடவே இருந்தார். அந்த இருப்பில் பத்தில் ஒரு பங்காவது நமக்கு வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கோடையில் அதே பக்கம் இன்னொரு வீடு கட்டுகிறோம். தளம் போடும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் நிறைய சேர்ந்துவிட்டார்கள். அதற்கு அடுத்த பதினான்கு நாளுக்குத்தான் ஆள் வேண்டும், ஆளுக்கு ஒரு நாள். காலை ஆறு மணிக்கு முதல் தண்ணீர். வர முடிந்தவர்கள் எந்தத் தேதி என்று கீழே எழுதுங்கள்.