கிளாடியஸை அரியணையேற்றியது செனட் அல்ல

ரோமின் பிரபுக்கள் அவையான செனட்டைப் பற்றி, 'கலிகுலா இறந்ததும் செனட் கூடி கிளாடியஸைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்தது தலைகீழ், நண்பரே. கி.பி. 41 ஜனவரியில் ரோமப் பேரரசர் கலிகுலா வெட்டப்பட்டதும், அவருடைய சித்தப்பா கிளாடியஸ் அரண்மனைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அடியில் தெரிந்த பாதங்களைப் பார்த்து ஒரு காவல்படை வீரன் அவரை வெளியே இழுத்தான். உயிர் போகப்போகிறது என்று நடுங்கிக் காலில் விழுந்தவரையே அவன் 'பேரரசரே' என்று வணங்கினான் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். (அவர் கொஞ்சம் மசாலா சேர்ப்பவர்தான்.) செனட்டோ அப்போது மறுபடி குடியரசைக் கொண்டுவரலாமா என்று பேசிக்கொண்டிருந்தது. அதற்குள், தன்னைக் கொண்டுசென்றிருந்த பிரிட்டோரியக் காவல்படையின் (பேரரசரின் மெய்க்காப்புப் படை) முகாமில் இருந்தபடி, வீரர்களுக்குத் தலா 15,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) தருவதாக வாக்களித்துவிட்டார் கிளாடியஸ். செனட்டுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. பின்னர் அவர் வெளியிட்ட பொற்காசுகளில் அந்த முகாமின் உருவத்தையே பொறித்திருக்கிறார்; செனட் கட்டடத்தை அல்ல.