கே.பி.எஸ். புகழ் மேடையில் விளைந்தது

'கே.பி.சுந்தராம்பாளைப் பெரிய ஆளாக்கியதே ஔவையார் படம்தான், அதற்கு முன்னால் அவர் வெறும் நாடக நடிகர் கிட்டப்பாவின் மனைவி' என்று சிலர் சொல்கிறார்கள், இது சரியே இல்லை. ஔவையார் வந்தது 1953-இல். பாடகியும் நடிகையுமான சுந்தராம்பாளோ சிறுமியாக இருந்தபோதே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். கிட்டப்பாவோடு கொழும்பில் ஜோடி சேர்ந்து நடிப்பதற்கு முன்பே இலங்கையில் அவர் நாடகத்துக்குக் கூட்டம் அலைமோதியது. மைக் இல்லாத காலம், கடைசி வரிசை டிக்கெட்காரர் காதிலும் பாட்டு தெளிவாக விழ வேண்டும், அந்த எட்டுக்கட்டைக் குரலைத்தான் ஜனங்கள் கொண்டாடினார்கள்.

அப்புறம் இன்னொன்று. 1933-இல் கிட்டப்பா இறந்துவிட்டார். 1935-இல் வந்த நந்தனார்தான் சுந்தராம்பாளுக்கு முதல் படம், அதில் ஆண் வேடம், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். ஒரு படத்தில்கூட முகம் காட்டாதவருக்கு அந்தக் காலத்தில் லட்ச ரூபாயை யார் சும்மா தூக்கிக் கொடுப்பார்கள்? நாடகமும் இசைத்தட்டும் சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது.